பெட்டிக்குத் துணை

வளைகுடாவின் புஜைராவில் எங்கள் தொழிலாளர் கேம்பில் யாராவது இறந்துபோனால் பெட்டியைத் தனியாக ஊருக்கு அனுப்ப மாட்டோம். ஊர்க்காரன் ஒருவன், ஊர்க்காரன் இல்லையென்றால் பக்கத்து ஊர்க்காரன், அதே விமானத்தில் கூடப் போவான். கம்பெனி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. துணைக்கு ஆள் இல்லாவிட்டாலும் பெட்டி போய்ச் சேர்ந்துவிடும். இங்கே சரக்கோடு ஏற்றுவார்கள், அங்கே சரக்கோடு இறக்குவார்கள். அந்தச் ‘சரக்கோடு’ என்பதுதான் எங்களுக்குப் பொறுக்காது.

போகிறவன் சாமான் கொண்டுபோக மாட்டான். இதுவும் வழக்கம். லீவுக்குப் போகும்போது கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, பால்பவுடர், தைலம், போர்வை என்று கிலோ பார்த்து அடைத்துக்கொண்டு போகிற ஆட்கள்தான் நாங்கள். ஆனால் பெட்டியோடு போகும்போது வெறுங்கைதான். சாவு வீட்டுக்கு யாராவது மிட்டாய் கொண்டுபோவார்களா?

என் அறையில் அடுத்த கட்டிலில் படுத்திருந்தவன் இறந்துபோனான். எண்ணெய்க் கிடங்கில் பம்ப் பிரிவில் இரண்டு பேருக்கும் ஒரே டூட்டி. அவனுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கடற்கரை ஊர். டூட்டி முடிந்து வந்து குளித்தான், படுத்தான். சாயங்காலம் டீ போட்டு எழுப்பினேன். எழும்பவில்லை. தோளைத் தொட்டேன். ஏசி போட்ட அறையில் இரும்பைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. டம்ளரை அவன் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். யாரையும் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை. வேறு ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் எல்லாரும் ஓடிவந்தார்கள். இருதயம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அவன் மனைவி போனில் பேசியபோது அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

“அண்ணே, நீங்கதான பக்கத்து கட்டிலு?”

“ஆமாம்மா.”

“அவியள தனியா அனுப்பிராதீய அண்ணே. அவியளுக்குத் தனியா இருக்கப் பிடிக்காது. வீட்டுல இருந்தாக்கூட டிவிய போட்டு வச்சிக்கிட்டுத்தான் தூங்குவாவ.”

“சரிம்மா. நான் வாறேன்.”

நான் அவ்வளவு சட்டென்று எதையும் ஒப்புக்கொள்கிறவன் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். அறையில் விஷயத்தைச் சொன்னதும் மேல்கட்டில்காரர் என்னைப் பார்த்தார்.

“இவனா போறான்? ஏர்போர்ட்ல கக்கூஸு எங்கன்னு கேக்க வெக்கப்பட்டு ஊரு வரைக்கும் அடக்கிட்டுப் போற ஆளுல்லா இவன்.”

“பேசவா போறான்?” என்றார் இன்னொருவர். “கூட உக்காந்து போனாப் போதும். அதுக்கு இவன விட்டா ஆள் கிடையாது.”

சாவு நடந்த அறையில் அன்றுதான் முதன்முறையாகக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நேராகத் திருவனந்தபுரம் போகிற விமானத்தில் பெட்டிக்கு இடம் கிடைக்கவில்லை. இன்னொரு வளைகுடா நாட்டில் இறங்கி, அங்கிருந்து வேறு விமானம் மாறிப் போவதற்குத்தான் கிடைத்தது. கம்பெனியில் இந்த வேலைகளைப் பார்க்கிறவர் ஒரு மலப்புறத்துக்காரர். அவர் சொன்னார்: “பெட்டியோட பேப்பர் எல்லாம் பெட்டி கூடப் போகும். நீ பாசஞ்சர். உனக்கு ஒண்ணும் வேண்டா. பாஸ்போர்ட், டிக்கெட், யல்லா.”

நான் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். போனை எடுத்துக்கொண்டேன். வேறொன்றும் இல்லை.

காலை விமானம். என் பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு வெள்ளைக்கார இளைஞன் உட்கார்ந்திருந்தான். தோளில் மாட்டுகிற சின்னப் பை ஒன்று மட்டும் வைத்திருந்தான். உட்கார்ந்ததும் கண்ணில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். சாப்பாடு வந்தது. அவனை எழுப்பாமல் விமானப் பணிப்பெண் என்னிடம் தட்டை நீட்டினாள். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். ஜூஸ் கேட்டாள். வேண்டாம். தண்ணீர்? வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்து கேட்டாள். திரும்பவும் கை காட்டினேன்.

எங்கள் பக்கம் அடக்கம் முடிகிறவரை சாவு வீட்டில் அடுப்பு எரியாது. வீட்டாள் யாரும் வாயில் ஒன்றும் வைப்பதில்லை. நான் அவனுக்கு உறவு இல்லை. ஆனால் அந்த விமானத்தில் அவன் வீட்டாள் என்று சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன். அவன் கீழே எங்கேயோ இருந்தான். அந்த நினைப்போடு தட்டைத் திறந்து சாப்பிட எனக்கு முடியவில்லை. பசியும் இல்லை. இறந்த நாளிலிருந்தே எனக்குப் பசி, தூக்கம், அழுகை எதுவும் சரியாக வரவில்லை. உடம்பு தன்பாட்டுக்கு நடந்தது, நான் அதன் பின்னால் போனேன்.

இறங்கிப் பாலம் போன்ற அந்த நடைபாதையைத் தாண்டியதும் இரண்டு அதிகாரிகள் நின்றார்கள். வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் அந்த வெள்ளைக்கார இளைஞன் போனான். ஒருவர் தலையசைத்தார், அவன் போய்விட்டான். அடுத்து நான். விரல் என் பக்கம் வந்தது. ஒதுங்கி நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்களில் கறுத்தவர்கள், தாடிக்காரர்கள், கசங்கிய சட்டை போட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து என் வரிசையில் நின்றார்கள். விரலுக்கு என்ன கணக்கு என்று யாரும் கேட்கவில்லை. வரிசையைப் பார்த்தாலே கணக்கு தெரிந்தது.

பெரும்பாலானவர்களைப் பையைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். என்னிடம் திறக்கப் பை இல்லை.

“சாமான் கிதர்?” என்றார் அதிகாரி.

இல்லை என்றேன்.

“லக்கேஜ்? உள்ளே போட்டாயா?”

இல்லை என்றேன்.

அவர் என்னை மறுபடியும் ஏற இறங்கப் பார்த்தார். “இந்தியா போகிறாய். சாமான் இல்லை. உன் ஆட்கள் சாமான் இல்லாமல் போய் நான் பார்த்ததே இல்லை.”

அவர் சொன்னது உண்மைதான். நானும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: என் தோஸ்த் இறந்துவிட்டான், பெட்டி இதே வழியாகப் போகிறது, நான் அதோடு போகிறேன். பேப்பர் எங்கே என்றார். பெட்டியோடு போகிறது என்றேன். பெட்டி எங்கே என்றார். அது எனக்குத் தெரியாது. சரக்கு வேறு கட்டடத்தில் இருந்தது. சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கிக்கொண்டு ஓர் அறைக்குப் போகச் சொன்னார்.

அறையில் எனக்கு முன்பே பட்டாணி இனத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டுகிறவராம், பெஷாவர் போகிறார். என்னைப் பார்த்ததும் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

“வா பாயி, உட்காரு. இந்த நாற்காலி என்னோடது. ஒவ்வொரு தடவையும் இதிலதான் உட்காருறேன். இன்னும் கொஞ்ச நாள்ல என் பேரை எழுதி வச்சிடுவாங்க.” இந்தியில் பேசினார். “என் தாடி முதல்ல இறங்கும், அதுக்குப் பின்னாடிதான் நான் இறங்குவேன். தாடியைப் பார்த்ததும் கூப்பிட்டுடுவாங்க. உன்னை எதுக்குப் பிடிச்சாங்க? உனக்குத் தாடியும் இல்லை.”

சாமான் இல்லை என்றேன். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் விரித்து என் கூட்டாளிக்காக ஏதோ ஓதினார். முகத்தைத் தடவிக்கொண்டார். அன்றைய நாளில் அவனுக்காக ஒருவர் பிரார்த்தனை செய்தது அங்கேதான்.

என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார்கள். சட்டை, பேன்ட், எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு கிடந்தது. கையுறை போட்ட அதிகாரி அதன் துணியை விரலால் நசுக்கிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். குனியச் சொன்னார். நான் எதிர்ச் சுவரில் ஏசியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தூசி இழை இழையாகத் தொங்கிக்கொண்டு ஒரே பக்கமாக ஆடியது. ஃபில்டர் கழுவி ரொம்ப நாளாகியிருக்கும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் வேறெதுவும் நினைக்கவில்லை. அவர் என்னை வெறுத்ததாகத் தெரியவில்லை. கழற்றிவைத்த பம்பில் அடைப்பு எங்கே என்று நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படித்தான் பார்த்தார். வெட்கம் பிறகுதான் வந்தது, மாதங்கள் கழித்து, குளியலறையில். அங்கே வரவில்லை.

உடம்பின் வெளியே ஒன்றும் கிடைக்கவில்லை. வயிற்றுக்குள் பார்க்க வேண்டும் என்றார்கள். எக்ஸ்ரே எடுக்கிறவர் சாப்பிடப் போயிருக்கிறார், வரும்வரை காத்திரு என்றார்கள்.

அறை வாசலில் காவலுக்கு நின்றவன் நீலச் சட்டை போட்ட ஒப்பந்த ஊழியன். அதிகாரி அப்பால் போனதும் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

“தமிழா சேட்டா? நாகர்கோவில் பக்கமா?”

“ஆமா. கடற்கரை.”

“எனக்கு பாறசாலை. பஸ்ஸுல ஏறினா உங்க ஊரு.” குனிந்து குரலை இன்னும் இறக்கினான். “சேட்டன் பிளேன்ல ஒண்ணும் கழிக்கலையா? சாப்பிடலையா?”

“இல்ல.”

“தண்ணியும் குடிக்கலையா?”

“இல்ல.”

“அதாணு பிரச்சினை. போதைமருந்த வயித்துல உறை உறையா விழுங்கிட்டுப் போறவன் தின்ன மாட்டான், குடிக்க மாட்டான். தின்னா உள்ள பொட்டிப் போகும். அதுக்குத்தான் ஏர்ஹோஸ்டஸ் எல்லாம் பாத்து வச்சிருப்பாங்க. தின்னாத்தவன் ஆரு, சாமான் இல்லாதவன் ஆரு, சொல்லிக் கொடுத்திருவாங்க. உங்களுக்கு ரெண்டும் ஒத்து வந்திருக்கு.”

பக்கத்து இருக்கை வெள்ளைக்காரனும் சாப்பிடவில்லை, அவனிடமும் அந்தச் சின்னப் பையைத் தவிரச் சாமான் இல்லை என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும்?

“என் அடுத்த பிளேன் எப்ப?” என்றேன். போன் இல்லை, அறையில் கடிகாரமும் இல்லை.

அவன் கையைப் பார்த்தான். “சமயம் உண்டு. எக்ஸ்ரேக்காரி வந்தா கிட்டும்.” பிறகு சொன்னான்: “சேட்டா, நான் ஒண்ணு சொல்லட்டா? இவரு முன்னால ஏதாவது தின்னு காட்டுங்க. சந்தேகம் கொஞ்சம் குறையும். வேகம் விடுவாரு.”

பட்டாணிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் காவல்காரன் வாயில் கை வைத்துக் காட்டியதைப் பார்த்திருக்கிறார். என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“மய்யத்தோட போறவன் எப்படிச் சாப்பிடுவான்? எங்க ஊர்லயும் அந்த வீட்ல அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுக்காரன்தான் ரொட்டி கொண்டுவந்து கொடுக்கணும்.” வாசலைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்: “இவங்களுக்குச் சொல்லு அதை.”

“சொன்னாப் புரியாது பாயி,” என்றான் காவல்காரன், இந்தியில்.

“புரியும். அவங்க வீட்லயும் சாவாங்கல்ல?”

காவல்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தான்.

நான் யோசித்தேன். சாப்பிட்டால் விமானத்தைப் பிடிக்கலாம். பிடித்தால் அவன் தனியாகப் போக மாட்டான். சாப்பிடாமல் இருப்பது அவனுக்காக, சாப்பிடுவதும் அவனுக்காகத்தான். இப்படி யோசித்தபோது தெளிவாகத்தான் இருந்தது. வாங்கிவரச் சொல்லித் தலையாட்டினேன்.

காவல்காரன் தன் காசில் ஒரு சாண்ட்விச்சும் ஒரு பாட்டில் தண்ணீரும் வாங்கிவந்தான். அதிகாரி வந்து நின்றார். காவல்காரன் அவரிடம் அரபியில் ஏதோ சொன்னான். அவர் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். நான் பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். உள்ளே கோழி, குளிர்ந்து போயிருந்தது. மென்றேன். விழுங்கினேன். அடுத்த வாய். அதிகாரி என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாணி நாற்காலியில் திரும்பி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடிக்கிறவரை அவர் திரும்பவில்லை.

எக்ஸ்ரே எடுக்கிறவர் பிலிப்பைன்ஸ் பெண். மூச்சைப் பிடி என்றாள், விடு என்றாள். இரண்டு படம். கம்ப்யூட்டரில் அதிகாரியும் அவளும் குனிந்து பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். என் விலா எலும்பு தெரிந்தது. அதற்கும் கீழே கலங்கலாக ஏதோ. அவள் தலையை ஆட்டினாள். ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகும் உடனே விடவில்லை. மேலதிகாரி ஒருவர் வந்து பார்க்க வேண்டுமாம். அவர் வந்தார், படத்தைப் பார்த்தார், என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், என்னை மட்டும் பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டும் போனும் என் கைக்கு வந்தன. “கலாஸ். யல்லா,” என்றார். முடிந்தது, போகலாம்.

நான் கிளம்பும்போது பட்டாணி இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். “ஓடு,” என்றார். “என்னைப் பார்க்காதே, ஓடு.”

காவல்காரன் என் கூடவே ஓடிவந்தான். ஓடுகிறவனை மறுபடியும் யாராவது நிறுத்துவார்கள் என்றுதான் வந்தானாம். நீலச் சட்டை பக்கத்தில் வந்ததால் யாரும் நிறுத்தவில்லை. நாங்கள் போனபோது கேட் மூடியிருந்தது. விமானம் வெளியே இன்னும் நின்றது. மேசையில் இருந்த பெண்ணிடம் காவல்காரன்தான் பேசினான். கதவு அடைத்தாகிவிட்டது, திறக்க முடியாது என்றாள்.

எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பயணி ஏறாவிட்டால் அவன் சாமானை இறக்காமல் விமானம் போகாது. லீவுக்குப் போகும்போது ஒருமுறை அதற்காகவே எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். “பெட்டிய இறக்கச் சொல்லுங்க,” என்றேன் காவல்காரனிடம். “நான் இல்லாம அது போகக் கூடாது. நாளைக்கு ரெண்டு பேரும் போறோம்.” என் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். “இவர் பேரில் லக்கேஜ் எதுவும் இல்லையே,” என்றாள்.

பெட்டி என் சாமான் இல்லை. அது சரக்கு. சரக்குக்கு ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒன்றுதான். என்னிடம் ஒரு கைப்பை இருந்து அதை உள்ளே போட்டிருந்தால், அந்தப் பையை இறக்கவாவது விமானத்தை நிறுத்தியிருப்பார்கள்.

வண்டி ஒன்று விமானத்தைப் பின்னால் தள்ளியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தமே கேட்கவில்லை. அது திரும்பிப் போகிறவரை நின்று பார்த்தோம்.

“சேட்டா, எனக்கு டூட்டி,” என்றான் காவல்காரன். என் போன் அந்த நாட்டில் வேலை செய்யவில்லை. நான் நம்பரைக் காட்ட, அவன் தன் போனிலிருந்து இறந்தவனின் மச்சானைக் கூப்பிட்டுக் கொடுத்தான். பெட்டியை வாங்க மச்சான் திருவனந்தபுரத்துக்கு வண்டி எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். உடம்பைச் சோதித்ததைச் சொல்லவில்லை. பிடித்து வைத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

மச்சான் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்வது கேட்டது.

“அப்ப அவிய மட்டுமா வாராவ?”

“ஆமா.”

“அக்காட்ட சொல்ல வேண்டாம் அண்ணே. நீங்க கூட வாறியன்னுதான் அவ கொஞ்சமாவது தெம்பா இருக்கா. திருவனந்தபுரத்து ஏர்போர்ட்ல பேப்பர் வேலைக்கு உங்கள நிப்பாட்டிட்டாவன்னு நான் சொல்லிக்கிடுதேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்க.”

சரி என்றேன்.

மறுநாள் காலை விமானத்தில் இடம் கொடுத்தார்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முந்தின நாள் இரவே முடிந்திருந்தது. எம்பாமிங் செய்த உடலை அதற்கு மேல் வைக்க வேண்டாம் என்று பங்குச் சாமியார் சொல்லியிருக்கிறார். நான் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மணல் இன்னும் ஈரமாக இருந்தது. மாலைகள் கிடந்தன. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நின்றேன். அழ வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை.

பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று கை காட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். மச்சான் வாசல் நிலையில் சாய்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரொம்பக் கஷ்டப்பட்டுட்டியளோ அண்ணே,” என்றாள். “பேப்பருக்காண்டி நிப்பாட்டிட்டாவளாம். தம்பி சொன்னான்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா.”

அவள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். “அவியள பிளேன்ல எங்க வச்சிருந்தாவ? உங்களுக்குக் கிட்டக்கவா?”

மச்சான் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை.

“கீழதாம்மா வைப்பாவ,” என்றேன். “நான் உக்காந்திருந்த இடத்துக்கு நேர் கீழ.”

முதல் விமானத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

“குலுக்கம் இருந்துதா?”

“இல்லம்மா. குலுக்கமே இல்ல.”

அவள் தலையை ஆட்டினாள். கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீரானது. வெளியே பந்தல்காரர்கள் கம்புகளை வண்டியில் போடுகிற சத்தம் கேட்டது. மெதுவாகப் போடச் சொல்லிச் சைகை காட்ட மச்சான் வெளியே போனார். அவள் தூங்கட்டும் என்று நான் அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.